வலப்பக்கத்துக் கூரை

பின்சந்தில் நுழையும்போதே பெரியவர் தன் நீலத் தார்ப்பாயைப் பார்த்துவிட்டார். ஓட்டுக் கூரையின் இடப்பக்கத்தில் அது வரிந்து கட்டியிருந்தது. வலப்பக்கம் ஓடுகள் பறந்துபோய், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“பாத்தியா உன் கொழுந்தன் யோக்கியதைய?” என்றார் மனைவியிடம். “புயலுக்குப் பயந்து ஒரு ராத்திரி வெளிய தங்கினா, நம்ம தாழ்வாரத்துல கிடந்த தார்ப்பாயில கை வச்சு அவன் தலைய மூடிக்கிட்டான்.”

மனைவிக்கு இளைப்பு. வாசல் தெருவை மறித்து மரம் சாய்ந்து கிடந்ததால்தான் இந்தச் சுற்றுவழியில் வந்திருந்தார்கள். ஓரமாகக் கிளைகளுக்குள் குனிந்து போய் முன்கதவைத் திறக்கிறேன் என்று அவள் சாவியோடு நகர்ந்தாள்.

வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது, பெரிய மனுஷர்கள் வாசலில் வீட்டைப் பார்த்து நின்று, வலம், இடம் என்று கையைக் காட்டினார்கள். வலப்பக்கம்தான் வேண்டும் என்று பெரியவர் ஒற்றைக் காலில் நின்று வாங்கினார். இடப்பக்கம் தம்பி மூஞ்சிக்குப் போதும் என்பது அவர் கணக்கு. அதோடு விடாமல், அந்த வீட்டுக் காற்றுகூட வேண்டாமென்று தன் பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். தம்பிக்கு மட்டும் ரோஷம் இல்லையா, அவரும் அடைத்தார். அன்றிலிருந்து பெரியவர் பின்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் கூரையை மூடாவிட்டால் இன்றைக்கும் சம்பந்தி வீட்டில்தான் படுக்கை. சொந்த வீட்டுக்கு ஒரு கூரை ஒழுங்காக இல்லையா என்று சம்பந்தியம்மாள் சோறு போடும்போது கேட்டது இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. ஈரத்தில் படுக்கலாம் என்றால் மனைவியின் நெஞ்சு தாங்காது.

ஏணி சுவரிலேயே சாத்தியிருந்தது. திருடியவனுக்கு அதை எடுத்து வைக்கக்கூட நேரமில்லை போலும். மதில்மேல் தம்பி வீட்டு மெத்தையும் தலையணைகளும் சொட்டச் சொட்டத் தொங்கின. பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவன் தார்ப்பாயை எடுத்தும் நனைந்திருக்கிறான், கட்டத் தெரியாத பயல்.

பாதி ஏணி ஏறியபோது சின்னவர் வந்து நின்றார். அண்ணனோடு பேசிப் பல வருஷமானதால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அண்ணே, அது அங்கயே இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? நீ சுகமாப் படுத்துத் தூங்கு. நான் சம்பந்தி வீட்டு வாசல்ல உருளறேன்.”

“இல்லண்ணே, மேல ஏறிப் பாத்தா—”

“வாய மூடு. எனக்குக் கண்ணு இருக்கு.”

சின்னவர் வாயை மூடிக்கொண்டார். ஏணி ஆடியதும் அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விழுந்து தொலைத்தால் போலீஸ் வருமே என்ற பயம் என்று பெரியவர் நினைத்தார்.

கயிற்று முடிச்சு லேசில் அவிழவில்லை. திருட்டுப் பயம் இருப்பவன்தான் இப்படி இறுக்குவான். நகம் பெயர அவிழ்த்து, ஓரத்தில் பாரம் வைத்த செங்கற்களைத் தள்ளி, அடியில் ஓடு பறந்த ஓட்டை திறந்துகொள்ள, தார்ப்பாயை வலப்பக்கத்துக்கு இழுத்தார். வலப்பக்க ஓட்டையின் உள்ளே ஒரே இருட்டு. அதன்மேல் விரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி, சட்டத்தில் கட்டினார். கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும்.

முதல் தூறல் அவர் வழுக்கைமேல் விழுந்தது. இந்த வயதிலும் தன் கூரையைத் தானே காப்பாற்றியாகிவிட்டது. கீழே குனிந்து பார்த்தார்.

“இப்பத் தெரியும்டா, நனைஞ்சா எப்படி இருக்கும்னு.”

சின்னவர் ஏணியை விடவில்லை.

அப்போது முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மனைவியின் குரல் மேலே வந்தது, அவர் சற்றுமுன் பிரித்துப் போட்ட இடப்பக்க ஓட்டை வழியாக.

“என்னங்க, நம்ம கட்டில் நனையாமத்தானே இருந்துச்சு, இப்ப எதுக்குக் கூரையத் தொறந்தீங்க?”