ஒன்பதாவது எபிசோட்

“நாலாவது எபிசோடா? ஏம்மா, தெரிஞ்சுதான் பேசறியா? அதுல மூணு தலைக்காரன் ஒரு தொப்பிக்காகத் தனக்குத்தானே சண்டை போட்டுக்கறதைத் தவிர வேற என்ன இருக்கு?”

அறிவிப்பாளருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்தே சண்டை போட்டிருப்பார். ஆனால் தலையை ஒரு வளையத்தில் அசையாமல் பொருத்தி வைத்திருந்தார்கள். பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த அவருடைய மண்டைக்குள் டாக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் நிலைய ஒலிபெருக்கியில் இருபது வருஷமாகப் பேசிப் பிழைப்பவர் அவர். மூளையில் வந்த கட்டியோ, பேச்சு குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் வலி மட்டும் தெரியாமல் மரத்துப்போகச் செய்து, விழிக்க வைத்தே ஆபரேஷன். டாக்டர் ஒவ்வோர் இடமாக மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார். பேச்சு தடைபட்டால் அங்கே கத்தி வைக்க மாட்டார். ஆகவே, அறிவிப்பாளர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்ந்தால் பிழைப்பே போய்விடும்.

பேச வைப்பதற்கென்று அவர் முகத்துக்கு நேரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண். கண்ணைத் தவிர முகமெல்லாம் கவசம். “எனக்கும் அந்தச் சனி கிரகத்துச் சலவைக் கடை கார்ட்டூன்னா உயிர் சார்” என்று அவள் ஆரம்பித்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. சனியின் வளையத்தில் ஒரு சலவைக் கடை, அதில் இஸ்திரி போடும் பொசுக்கி என்ற ரோபோ. பதிமூன்று எபிசோடும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் மனைவி, “நாப்பத்தஞ்சு வயசுல பொம்மைப் படம்!” என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒருவழியாகப் பேச ஓர் ஆள் கிடைத்தாளே என்று பார்த்தால், இந்தப் பெண்ணுக்கு அரிச்சுவடியே தெரியவில்லை.

“அந்த வாஷிங் மெஷின் வர்ற எபிசோட் எல்லாமே நல்லா இருக்கும் சார். பொசுக்கிதானே அதுக்குப் பேரு?”

“வாஷிங் மெஷினா! அடக் கடவுளே! பொசுக்கின்னு பேரு வெச்சுக்கிட்டு அது துவைக்குமாம்மா? இஸ்திரி போடும்! உனக்கெல்லாம் யாரு டிவி வாங்கிக் கொடுத்தது?”

“சரி, கோவிச்சுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, எது பெஸ்ட்?”

“இதுல கேள்வி வேறயா? ஒன்பதாவதுதான்.”

“ஐயய்யோ, அதுவா? சரியான அறுவை சார். நான் பாதியிலேயே எழுந்து போயிட்டேன்.”

திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறிவிப்பாளர் சிரிக்கவில்லை.

“அறுவையா? இப்போ கேளு. அதுவரைக்கும் கண்ணுல பட்டதையெல்லாம் தேய்ச்சுத் தள்ளின ரோபோ அது. கஸ்டமரோட தாடி, வாலு, எதையும் விட்டு வெச்சதில்ல. அதுகிட்ட ஒரு அம்மா சட்டை கொண்டுவர்றாங்க. புருஷன் கருந்துளைக்குள்ள போனவர், திரும்பி வரல. கடைசியா அவர் கழட்டிப் போட்ட சட்டை. அதை மேஜையில விரிச்சு, சூடேறி, கையை ஓங்கறப்போ அந்த... அந்த...”

நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டிக் கை கண்ணுக்குத் தெரிகிறது, தலையில் எரியும் சிவப்பு விளக்கு தெரிகிறது, பெயரை மட்டும் காணவில்லை. அறிவிப்பாளர் பயந்துபோனார்.

“அதான்... அந்த...”

“கரண்ட்டை எடுத்துட்டேன். இந்த இடத்துல கத்தி வேண்டாம்” என்றது டாக்டரின் குரல்.

பயிற்சிப் பெண் விடவில்லை. “பார்த்தீங்களா? பேரே தெரியல! எபிசோடையே பார்க்காம அடிச்சு விடறீங்க சார்!”

“பொசுக்கி! பொசுக்கி, பொசுக்கி, பொசுக்கி! யாரைப் பார்த்து என்ன பேசற?”

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“முழுசாக் கேளு. பொசுக்கி தன்னோட சூட்டைத் தானே அணைச்சுக்கும். சட்டையை அப்படியே மடிச்சுத் திருப்பிக் கொடுக்கும். ‘இந்தச் சுருக்கமெல்லாம் அவர் போட்டதும்மா, இதுல நான் கைவைக்க மாட்டேன்’னு சொல்லும். இதுவா அறுவை?”

அவளுடைய முகக்கவசம் அசைந்தது. அவர் சொல்லச் சொல்ல அவளும் ஏதோ முணுமுணுத்தாள். கண் பளபளத்தது. தோற்றுப்போன ரோஷம் என்று அறிவிப்பாளர் நினைத்துக்கொண்டார்.

“அழாதம்மா. இன்னொரு தடவை பொறுமையா உட்கார்ந்து பாரு, புரியும்” என்றார் பெருந்தன்மையாக.

மூன்றாம் நாள் வார்டில், தலையில் கட்டோடு, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு!” என்று அவர் குரல் கொடுத்ததில் பக்கத்துக் கட்டில்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். குரலுக்கு ஒரு குறையும் இல்லை. மனைவிக்கு வந்த அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது.

“வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒன்பதாவது எபிசோடைப் போட்டுக் காட்டணும். பாவம், ரசிகைன்னு சொல்லிக்குது, ஒரு மண்ணும் தெரியல.”

மனைவி ஓர் ஆரஞ்சுச் சுளையை அவர் வாயில் திணித்தாள்.

“உங்களுக்குத்தாங்க ஒண்ணும் தெரியல. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அது என்கிட்ட வந்து, ‘எதைச் சொன்னா சார் பேச்சை நிறுத்தவே மாட்டார்?’னு கேட்டுச்சு. ‘ஒன்பதாவது எபிசோடைத் திட்டும்மா, மயக்கத்துல இருந்தாக்கூடச் சண்டைக்கு வருவார்’னேன். ‘ஐயோ, வேற ஏதாவது சொல்லுங்கக்கா, அதை மட்டும் என் வாயால திட்ட முடியாது’ன்னு கெஞ்சிச்சு.”

“ஏனாம்?”

“அவங்கப்பா கடைசியாப் போட்ட சட்டையை அது இன்னும் இஸ்திரி போடாம, அப்படியே மடிச்சு வெச்சிருக்காம்.”