சொல்லாமல் கிளம்பியவள்

படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டிவிடும் தொண்டுக்காக லண்டனிலிருந்து மூன்று மாதம் மலேசியாவின் கிள்ளானுக்கு வந்திருந்தாள் பிரேமினி. தமிழில் அவள் அம்மா கற்றுக்கொடுத்த ஒரே மரியாதை, எந்த வீட்டிலும் 'போறன்' என்னாமல் 'போயிட்டு வாறன்' என்று விடைபெறுவது.

அவள் குளிப்பாட்டிவந்த வீராசாமி இறந்தார். துக்க வீட்டிலும் அதையே சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"ஏம்மா லண்டன், எழவு வீட்ல யாராச்சும் அப்படிச் சொல்வாங்களா?" வீராசாமியின் மகள் தாமரை பல்லைக் கடித்தாள். "பேசாமப் போகணும் லா! திரும்பி வர்றதுக்கு இது என்ன கல்யாண வீடா?"

விற்ற சரக்கையாவது கெஞ்சித் திரும்ப வாங்கலாம். விட்ட சொல்லை யாரிடம் கேட்பது? எட்டாம் நாள் துக்கத்தன்று தாமரையின் அண்ணன் போய்ச் சேர்ந்தான். நாற்பது வயது, ஒரு தலைவலிகூட வந்ததில்லை. பிரேமினி துக்கம் கேட்கப் போனாள். பதற்றத்தில் நாக்கு பழைய சொல்லையே சொல்லிவைத்தது. அடுத்த எட்டாம் நாள் தாமரையின் அம்மா.

இப்போது அந்த வீட்டில் மிச்சம் தாமரை ஒருத்திதான்.

"ஒன் கால்ல விழறேன்மா. இன்னிக்கு வாயத் தொறக்காத."

பிரேமினி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். தாமரையின் அம்மா கிடந்த சவப்பெட்டியை ஒருமுறை சுற்றிவந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே வந்து செருப்பை மாட்டினாள். பின்னால் தாமரை நிம்மதியாக மூச்சுவிடுவது கேட்டது.

உடனே பெட்டிக்குள்ளிருந்து அம்மா வாஞ்சையோடு சொன்னாள்:

"போயிட்டு வாம்மா."