பத்து சதவீதம்

அவன் மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் கூடத்தில் யாரோ ‘த்தூ’ என்றார்கள்.

மேடையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அது கேட்டது. தலை நிமிரவில்லை.

கலிபோர்னியாவின் அந்தச் சிறு நகரத்தில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றுதான். மைக்குக்கு முன்னால் நின்ற செங்கோடனுடையது. இலையாகவும் ஜெல்லி மிட்டாயாகவும் விற்றான். விற்பனையில் பத்து சதவீதம் வரை நகர வரி போடலாம் என்று மக்கள் வாக்களித்திருந்தார்கள். அதற்குள் எவ்வளவு என்பது நகர மன்றத்தின் கையில். இதுவரை நான்கு.

மன்றத்தில் ஐந்து பேர். இருவர் பத்து என்றார்கள். இருவர் நான்கே போதும் என்றார்கள்.

ஐந்தாவது ஆள் அவள்.

அவள் தேர்தலில் ஜெயித்ததே இந்தக் கடையை எதிர்த்துப் பேசித்தான். ஆனால் கடை மூடினால் வரியே வராது என்று நிதி அலுவலர் நேற்றுச் சொல்லியிருந்தார். ஆறு என்று சொல்லிவிடலாம் என நினைத்துத்தான் வந்திருந்தாள்.

செங்கோடனுக்கு முன்னால் பதினாறு பேர் பேசினார்கள். எல்லோரும் பத்து கேட்டார்கள். கடைசியாகப் பேசியவர் தமிழ்ச் சங்கத் தலைவர் தில்லைநாயகம். இவனால் எங்கள் சமூகத்துக்கே தலைகுனிவு, வரி போட்டே மூட வையுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

செங்கோடனுக்கு மூன்று நிமிடம்.

லாபத்துக்கு அல்ல, விற்கிற ஒவ்வொரு டாலருக்கும் இந்த வரி என்றான். மாநில வரி தனி என்றான். பத்து என்றால் மார்ச்சுக்குள் மூட வேண்டியதுதான், பதினொரு பேருக்கு வேலை போகும் என்றான்.

பின்வரிசையில் சிரித்தார்கள்.

நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் அவளைப் பார்த்தான். தமிழுக்கு மாறினான்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் முதுகு வலிக்கு ரெண்டு வருசமா எங்கிட்டத்தான் வாங்கறாருங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங்க. நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

அவளுக்குத் தெரியாது.

விட்டமின் என்று கணவர் சொன்ன ஜெல்லி மிட்டாய். சாப்பாட்டுக்குப் பிறகு அவளே எடுத்துக் கொடுப்பாள்.

இரண்டு வருடம்.

மன்றத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மேயர் அவள் பக்கம் திரும்பினார். கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும், இவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூடம் அவள் வாயைப் பார்த்தது.

அவள் மைக்கை அருகில் இழுத்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள்.

“என்னை மிரட்டுகிறார்.”

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். வசவுகள். காவலர்கள் இரண்டு பேர் அவனுடைய இரு கைகளையும் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை.

கதவருகில் ஒருமுறை நின்றான். “அக்கா” என்றான்.

அவ்வளவுதான். வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. நான்கு போதும் என்றிருந்த இருவரும் இப்போது பத்துக்குக் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள்.

ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து அவளுக்குக் கை கொடுத்தார்கள். ஒரு பெண் கட்டிக்கொண்டு, உங்கள் துணிச்சல் யாருக்கு வரும் என்றாள்.

தில்லைநாயகம் எல்லோரும் போகும்வரை நடைபாதையில் காத்திருந்தார். பிறகு கும்பிட்டபடி வந்தார்.

“ரொம்ப நல்லா மொழிபெயர்த்தீங்க மேடம்” என்றார், தமிழில்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நம்ம சங்கக் கட்டட மனு உங்க மன்றத்துல நாலு வருஷமாக் கெடக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து பேசிடறேன். சாரையும் பார்த்த மாதிரி இருக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அவசரப்படவில்லை.

“எத்தனை மணிக்கு வர்றீங்க?” என்று அவள் கேட்டாள்.