நாலு தாளில் ஒன்று

"இந்த ரூம்லருந்து வந்த நாலு தாள்ல ஒண்ணுல 'ஆம்'னு போட்டிருக்கு. யாரு?" என்று கேட்டார் பெய் ஆசிரியை.

நாங்கள் நான்கு பேரும் விடுதி அறையில் அவரவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த மனநலக் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அறை வாரியாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதில் பதினொன்றாவது கேள்வி, கடந்த ஓராண்டில் உங்களை நீங்களே வேண்டுமென்று காயப்படுத்திக்கொண்டது உண்டா என்பது.

ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போன் போகும். மாணவர் கோப்பில் ஒரு வரி ஏறும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்றரை மாதம்தான் இருந்தது.

"நான்தான் டீச்சர்," என்றாள் லுவோ மின். "கேள்வியப் படிக்காமலே வரிசையா டிக் போட்டுட்டேன்."

லுவோ மின் சிச்சுவான் மாகாணத்துக்காரி. எங்கள் அறையிலேயே அதிகம் சத்தம் போடுகிறவள். குளித்துக்கொண்டே பாடுவாள். தேர்வில் கோட்டை விட்ட அன்றும் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுவாள்.

ஆசிரியை அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பெயரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் லுவோ மின்னின் அப்பா, ஒன்பது மணி நேரம் ரயிலில் வந்து இறங்கினார். விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்கு வந்தார். எங்களுக்குத் தலையசைத்தார். மகளின் இரண்டு கைகளையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு கீறல்கூட இல்லை.

"அங்க உங்கம்மா மூணு நாளா சோறு திங்கலடி. உனக்கு இது விளையாட்டா?"

லுவோ மின் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் பால்கனிக்குப் போய், காய்ந்த துணிகளுக்கு நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றிருந்தார். போகும்போது, வீட்டில் புகைபோட்டுக் கொண்டுவந்த சாசேஜை எங்கள் நான்கு பேருக்கும் பங்கு வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஆறு வாரம், புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவள் ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, ஆலோசகர் அம்மா சொன்ன கதையை ஆரம்பித்துவிடுவாள். உள்ளே பொங்கி வரும்போது அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். அது கோபமா, வெட்கமா, பயமா என்று. செய்யத் தோன்றுவதை ஒரு கால் மணி நேரம் தள்ளிப்போட வேண்டுமாம். அந்தக் கால் மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் போய், என்னால் முடியவில்லை என்று மட்டும் சொன்னால் போதுமாம். காரணம் சொல்ல வேண்டியதில்லையாம்.

"இதுக்கா உன்னை ஆறு வாரமா கூப்பிடுறாங்க? பொங்கி வந்தா உனக்குப் பசின்னு பேர் வச்சுக்கோ, போ," என்று மற்ற இருவரும் ஓட்டுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒரு வாரம்கூடச் சொல்லாமல் விடமாட்டாள். அடுத்த அறைக்கே கேட்கும்படிச் சொல்வாள்.

என் படுக்கை இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் இருந்தது. திரையை இழுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஏழாவது புதன்கிழமை மதியம். மற்ற இருவரும் நூலகத்தில் இடம் பிடிக்கப் போயிருந்தார்கள். லுவோ மின் என் ஏணியில் இரண்டு படி ஏறி நின்றாள். திரையை விலக்கவில்லை. வெளியிலிருந்தே, அவளிடமிருந்து நான் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன். அங்க பேசுறதை வீட்டுக்குச் சொல்லமாட்டாங்களாம், கேட்டுட்டேன். எனக்கு ஞாபகசக்தி கம்மிடி. அந்தம்மா சொல்றதுல பாதியைத்தான் உனக்குக் கொண்டுவர முடியுது."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.