பங்காளி வீடு

"சாவியைக் குடுத்துப்போட்டு இந்தப் பெரீம்மாவ மறந்தறாத கண்ணு. வைகாசில கல்யாணம். பொண்ணுக்கு அண்ணன் நீ இல்லாம எப்பிடி?"

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். நிதீஷும் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"வந்தர்றனுங்க பெரீம்மா. மேல ஒரு பை இருக்குது, எடுத்துட்டு வாரேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எம்.பி.ஏ. படிக்கக் கோபியிலிருந்து கோயமுத்தூர் வந்தவன். அவனும் சித்தப்பா மகன் சசிதரும் சரவணம்பட்டியில் ஏறி இறங்காத வீடில்லை. "பேச்சிலர் பசங்களுக்குக் குடுக்கறதில்லீங்க தம்பி" என்று ஒவ்வொரு கேட்டாகச் சாத்திக்கொண்டது. தெய்வாத்தாள் ஒருத்திதான் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து விசாரித்தாள். புருஷன் போய் ஆறு வருஷம். கீழ்வீட்டில் அவளும் இரண்டு பெண்களும், மேல்வீடு காலி.

"கோபியா? சரி, என்ன கூட்டம் கண்ணு?"

"பயிரன் கூட்டமுங்க."

"அட ஏஞ்சாமி! என்ற ஊட்டுக்காரரும் பயிரன் கூட்டந்தான்! அப்ப நீங்க பங்காளி ஊட்டுப் பசங்க. என்ற புள்ளைக ரெண்டுக்கும் அண்ணமாரு. உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கறது?"

ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் கொங்கு நாட்டில் ஒரே ரத்தம். அண்ணன் தங்கை முறை. பெண் கொடுத்து எடுக்கிற பேச்சே கிடையாது. அதெல்லாம் அன்றைக்கு யாருக்குக் கவலை? வீடு கிடைத்ததே பெரிசு என்று பையன்கள் மறுநாளே பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

மூத்தவள் மோகனப்பிரியா மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வரும்வரை அந்தச் சந்தோஷம் நீடித்தது.

ஆறு மாதம் மென்று முழுங்கிவிட்டு அம்மாவிடம் போனில் மெல்ல வாயைத் திறந்தான் நிதீஷ். அம்மா கத்திய கத்தலில் காது அடைத்தது.

"அடப் பாவி! பங்காளி ஊட்டுப் புள்ளைடா, தங்கச்சிடா அவ! உங்கப்பன் காதுல உழுந்தா தோலை உரிச்சுப்போடுவாரு!"

அதோடு மனசைக் கல்லாக்கிக்கொண்டான். மோகனப்பிரியா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வான். அவளோ ஒருநாளும் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை, "ஏனுங்க" தான். அதையும் அவன் காதில் வாங்கவில்லை. ஒரே கூட்டத்துக்கு ஒரே குலதெய்வம்தானே, கோயில் பொங்கலுக்குச் சேர்ந்து போகலாம் என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் தெய்வாத்தாளுக்குச் சொல்லி வைத்தாற்போல முட்டி வலி வந்தது. அதையும் அவன் யோசிக்கவில்லை.

போன மாதம் அவளுக்கு நிச்சயம். பந்தியில் இலை போட்டதிலிருந்து பாயசம் ஊற்றியதுவரை நிதீஷ்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சசிதர் முந்தின நாளே ஊருக்குக் கிளம்பிவிட்டான். நிதீஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். படியடியில் மோகனப்பிரியா நின்றிருந்தாள். கையில் டப்பா.

"புளிசாதமுங்க. பஸ்ஸுல சாப்புடுங்க."

வாங்கிக்கொண்டான். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

வாசலில் பேச்சுக் குரல். மேல்வீடு கேட்டு யாரோ புதுப் பையன் வந்திருந்தான். பெயர் மனோஜ்குமாராம். தெய்வாத்தாள் மோர்ச் சொம்போடு விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு கண்ணு?"

"அன்னூருங்க."

"என்ன கூட்டம்?"

"தூரன் கூட்டமுங்க."

"அட ஏஞ்சாமி! என்ற ஊட்டுக்காரரும் தூரன் கூட்டந்தான்! அப்ப நீ பங்காளி ஊட்டுப் பையன். என்ற சின்னவளுக்கு அண்ணனாச்சு. உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கறது?"

நிதீஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளிலிருந்து பை நழுவிப் படியில் விழுந்தது. இரண்டு வருஷம்! அம்மாவின் திட்டு, குனிந்த தலை, அந்தப் பந்தி, எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மண்டையில் அடித்தது.

"ஏனுங்க..." மோகனப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப... நெசமா உங்க கூட்டம்?"

"செங்கண்ணன் கூட்டமுங்க," என்றாள் மோகனப்பிரியா. கண் நிறைந்துவிட்டது. "அம்மாவ எதுத்து நானா சொல்லத்தான் தைரியம் வரலீங்க. ஆனா இந்தக் கேள்விய ரெண்டு வருசத்துல நீங்க எங்கிட்ட ஒருக்காக்கூடக் கேக்கவே இல்லீங்களே!"