முசியே துபார்க்கின் டிப்ஸ்

“இன்னிக்காவது ஏதாச்சும் கொடுத்தாரா?” வரவேற்பில் இருந்த நோயெமி கண்ணடித்தாள்.

“கொடுத்தாரே, ஒரு ‘மெர்சி’! வெறும் நன்றி!” என்றான் பாஸ்தியான்.

பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் கடலைப் பார்த்த அந்தப் பெரிய ஹோட்டலில், விருந்தினர்களின் கார்களை நிறுத்துவதும் எடுத்து வருவதும் அவன் வேலை. மகள் கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்தார் முசியே துபார்க். அவருடைய நீண்ட கறுப்புக் காரைக் கீறல் படாமல், குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல நிறுத்தியும் சல்லிக்காசு பெயரவில்லை.

“பில்லுலயே சேவைக் கட்டணம் இருக்குல்ல, அதான்” என்றாள் நோயெமி.

“கஞ்சனுக்கு அது ஒரு சாக்கு!”

மாலை வேலை முடிந்து தன் பழைய ரெனோ காரில் ஏறியதும் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தியது. அந்த வேகத்தால்தான் அவன் ஓட்டுநர் உரிமத்தில் இருந்த பன்னிரண்டு புள்ளியில் பதினொன்று பறிபோயிருந்தது. மிச்சமுள்ள ஒன்றும் போனால் உரிமம் போகும். உரிமம் போனால் வேலையும் போகும்.

எதிரே வந்த கறுப்புக் கார் விளக்கைப் பளிச் பளிச்சென்று அடித்தது. உள்ளே துபார்க்!

“ரோட்டுலயும் அதிகாரமா? உங்க அப்பன் வீட்டு ரோடாய்யா?”

திட்டிய பிறகுதான், ‘முன்னால் போலீஸ்’ என்ற எச்சரிக்கை அது என்று உறைத்தது. பிரேக்கை மிதித்தான். வளைவு தாண்டியதும், வேகம் அளக்கும் கருவியோடு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். நல்லவேளை, பிழைப்பு தப்பியது.

மறுநாள் காலை, துபார்க்கின் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவன் தயங்கிச் சொன்னான். “நேத்து விளக்கடிச்சு என் வேலையைக் காப்பாத்திட்டீங்க. ரொம்ப நன்றி முசியே.”

“அந்தப் பழைய ரெனோ உங்களுதா?” துபார்க் சிரித்தார். “என் காரை ஆமை மாதிரி ஓட்டுறீங்க. உங்க உயிரை ஏத்திக்கிட்டு மட்டும் ஏன் பறக்குறீங்க?”

சட்டைப் பைக்குள் கையை விட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாஸ்தியானுக்குக் கோபமே வரவில்லை. நோயெமியிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னான். “இதைவிடப் பெரிய டிப்ஸ் எனக்கு யாரும் கொடுத்ததில்ல!”

“அவர் யாருன்னு தெரியுமாடா?”

“கல்யாணப் பொண்ணோட அப்பா.”

“அது சரி. நேத்து வளைவுல நின்ன போலீஸ்காரங்க இப்பத்தான் வாழ்த்துச் சொல்ல வந்து, அவருக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போனாங்க. அவங்களை அங்க நிறுத்தி வெச்சதே அவர்தானாம்!”