பஞ்சுமெத்தை

பர்மா சண்டைக்குப் போயிருந்த கணவன் செங்கல்வராயனுக்காக நாற்காலியைக் காலியாக விட்டு, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டாள் நாகவல்லி. பட்டாளத்தில் எடுத்த அவன் படத்தைப் பிறகு அதில் ஒட்டித் தருவதாகச் சொன்னார் ஆவடி ஸ்டூடியோக்காரர் ஜெயராமன்.

படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, அந்தக் காலி நாற்காலியின் பஞ்சுமெத்தை ஆழமாக அமுங்கித் தெரிந்தது. ஜெயராமனுக்கு ஆச்சரியம். தானே போய் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். மெத்தை உடனே நிமிர்ந்துகொண்டது.

தை மாதம் செங்கல்வராயனே லீவில் வந்துவிட்டான்.

"படம் இன்னாத்துக்குங்க ஒட்டணும்? அதான் ஆளே குத்துக்கல்லாட்டம் கீறாரே," என்று நாகவல்லி அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

படமெடுத்துக் கழுவிய புதுத் தகட்டை ஜெயராமன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செங்கல்வராயன் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கடியில் மெத்தை உப்பலாக, ஒரு சுருக்கமும் விழாமல் இருந்தது.